மலைநாட்டுச் சிறு தொட்டிக்கு எந்த சிக்லிட்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என எங்கும் இப்போது வண்ணமீன் கடைகள் இருக்கின்றன. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியும் நாலைந்து மீன்களும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டன. நல்ல விடயம்தான். ஆனால் அப்படி வீட்டுக்குப் போகும் சிக்லிட் மீன்கள் பல சில மாதங்களைக்கூடத் தாண்டுவதில்லை. "நமக்குக் கைராசி இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மலையகத் தண்ணீருக்கும் குளிருக்கும் தொட்டியின் அளவுக்கும் பொருந்தாத மீனைத் தெரிவு செய்ததே காரணம். எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது, ஏன் என்பதை விபரமாக எழுதுகிறோம். தங்கள் பத்திரிகையில் இடம் தந்தால் பல வீடுகளுக்கும் பல மீன்களுக்கும் உதவியாக இருக்கும்.

சிக்லிட் என்பது தனி ஒரு மீனின் பெயரல்ல, பெரிய குடும்பம். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நீர்த்தேக்கக் கரைகளில் கிலோக் கணக்கில் விற்கப்படும் திலாப்பியா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏஞ்சல், ஒஸ்கார், டிஸ்கஸ், பிளவர்ஹோர்ன் எல்லாம் அதன் உறவுகளே. இந்தக் குடும்பத்தின் முக்கியமான குணம் ஒன்றுண்டு. இவை தமக்கென்று ஓர் இடம் பிடிக்கும், முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும், அந்தக் காவலுக்காக மற்ற மீன்களோடு கடுமையாகச் சண்டை போடும். சிக்லிட் வளர்ப்பின் அழகு இதில்தான் இருக்கிறது. சிறு தொட்டியில் வரும் சிக்கலும் இதே குணத்தால்தான்.

சிறு தொட்டி என்று நாங்கள் சொல்வது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை. கணக்குப்படி அது 56 லீற்றர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லீற்றர் அளவுதான். சிக்லிட்டுக்குத் தொட்டியின் உயரத்தைவிட அடித்தளத்தின் பரப்பே முக்கியம். ஓரடி அகலமும் இரண்டடி நீளமும் உள்ள தரையை ஒரு சோடி குட்டை இன சிக்லிட் முழுமையாகத் தனதாக்கிக்கொள்ளும். இரண்டாவது சோடிக்கு அங்கே இடமில்லை. ஒன்றரை அடித் தொட்டியில் சிக்லிட் வளர்ப்பதை எண்ணவே வேண்டாம்.

முதலில் வாங்கக்கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஒஸ்கார் குஞ்சு கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். பார்க்க அழகு, கையிலிருந்து தீனி வாங்கித் தின்னும். ஒழுங்காகத் தீனி போட்டால் ஓராண்டில் 25 சென்ரிமீற்றரை எட்டிவிடும். அதற்குக் குறைந்தது 250 லீற்றர் தொட்டி தேவை. பிளவர்ஹோர்னும் அவ்வாறே, அதுவும் தனியாகத்தான் வாழும். கிளிமூக்கு வைத்த செம்மஞ்சள் பரட் மீன் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். ஏஞ்சலின் உடல் நீளம் 15 சென்ரிமீற்றர்தான். ஆனால் மேலும் கீழும் நீளும் செட்டையோடு அதன் உயரம் 20 சென்ரிமீற்றரைத் தாண்டும். ஓரடி உயரத் தொட்டியில் அது தலையை நிமிர்த்தித் திரும்பவே முடியாது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கொன்விக்ட் குளிரை ஓரளவு தாங்கும், விலையும் குறைவு, அதனால் கடைக்காரர்கள் அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் அந்தச் சோடி முட்டையிட்ட அன்றே இரண்டடித் தொட்டியில் உள்ள மற்ற மீன்களுக்கு ஆபத்துத் தொடங்கிவிடும். பிறகு ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கில் குஞ்சு, கொடுக்க ஆளில்லை.

அடுத்தது, "ஆபிரிக்கன் சிக்லிட்" என்று கலவையாக விற்கும் மஞ்சள், நீல மீன்கள். மலையகத்தில் மிக அதிகமாக ஏமாற்றம் தருபவை இவைதான். ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.7 முதல் 8.6 வரை இருக்கும், தண்ணீரில் கனிம உப்புகளும் கூட. மலையக நீரோ அதற்கு நேர் எதிர். எங்கள் மலைகள் கருங்கல்லும் நைஸ் பாறையும். அவற்றின் மேல் ஓடிவரும் ஊற்று நீரில் சுண்ணாம்புச் சத்துக் கரைவது மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தில் கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படியும் காரை ஹட்டனில் படியாது, சவர்க்காரமும் இங்கே உடனே நுரைக்கும். இது மென்னீர். மென்னீரில் மலாவி மீன் அன்றே இறந்துவிடாது, அதனால்தான் காரணம் யாருக்கும் பிடிபடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மங்கும், செட்டையை ஒடுக்கும், தீனியைத் துப்பும், வயிறு வீங்கும், பிறகு ஒவ்வொன்றாகப் போகும். போதாததற்கு அவை மூன்றடி, நாலடித் தொட்டியில் கூட்டமாக வைக்க வேண்டியவை.

ஆகவே எங்கள் தண்ணீரை மாற்ற முயலாமல், அதை விரும்பும் மீனைத் தேட வேண்டும். தென் அமெரிக்காவின் அமேசன், மாமொரே ஆறுகளிலும் மேற்கு ஆபிரிக்காவின் காட்டு ஓடைகளிலும் வாழும் குட்டை சிக்லிட்களுக்கு மென்னீர்தான் தாய்நீர். யாழ்ப்பாணக்காரர்கள் இதற்காக வடிகட்டி வாங்கிப் பணம் செலவழிக்கிறார்கள். எங்களுக்கு அது பீலியிலேயே வருகிறது. இதை மலையகத்தார் பெரிய வரமாக எண்ண வேண்டும்.

எங்களுடைய முதல் தெரிவு பொலிவியன் ராம். ஆண் 7 முதல் 8 சென்ரிமீற்றர், பெண் சற்றுச் சிறியது. மணல் நிற உடல், நடுவே கறுப்புப் பொட்டு, செட்டை ஓரத்தில் செம்மை. கடை வெளிச்சத்தில் குஞ்சுகள் சாம்பலாகத் தெரிவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலைந்து மாதத்தில் அதன் நிறம் எழும்பும்போது பார்க்க வேண்டும். 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை அதற்குப் போதும், பிஎச் 6.5 முதல் 7.5 வரை எதுவும் சரி. குணத்தில் சாந்தம். முட்டையிடும் காலத்தில்கூட விரட்டுமே தவிரக் கடித்துக் கொல்வது அரிது. ஆண் பெண் பிரிப்பது கடினம். ஆணின் வால் ஓரங்களில் நீண்ட இழைகள் இருக்கும், ஆனால் குஞ்சில் அது தெரியாது. கடையில் பார்க்கும்போது இரண்டு மீன்கள் ஒன்றாகவே திரிந்து மற்றவற்றை ஒரு மூலையிலிருந்து விரட்டினால் அந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கிரிபென்சிஸ், கடைகளில் "கிரிப்" என்பார்கள். தென் நைஜீரியா, கமரூன் கரையோர ஓடைகளுக்கு உரியது. ஆண் 10 சென்ரிமீற்றர், பெண் 7 அல்லது 8. சோடி பிரிப்பது மிக எளிது. பெண் குட்டை, உருண்டை, வயிறு செர்ரிப் பழச் சிவப்பு. ஆண் நீளம், முதுகுச் செட்டையின் முனை கூர்மை. சிக்லிட்டில் பெண்ணே ஆணைவிட வண்ணமாக இருப்பதும், அதுவே ஆணைத் தேடிப் போவதும் இங்கே காணலாம். பெண் மீன் ஆணின் முன்னால் பக்கவாட்டாக நின்று, உடலை வில்லாக வளைத்து, சிவந்த வயிற்றைக் காட்டி நடுங்கும். ஆண் இசைந்தால் இரண்டும் தொட்டியில் குகையாகக் கவிழ்த்து வைத்த சிரட்டைக்குள் புகுந்து வாயால் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டும். முட்டை சிரட்டையின் உட்கூரையில் ஒட்டியிருக்கும். மூன்று நாள் அளவில் பொரிக்கும், மேலும் ஒரு வாரம் அளவில் தாய் குஞ்சுகளை மேகம்போல் வெளியே கூட்டி வரும். குஞ்சு வந்த பின் தரைப்பக்கம் எந்த மீனையும் விடாது. கொறிடோரஸ் போன்ற அடிமீன்களின் கண் போகும். ஆகவே கிரிப் உள்ள இரண்டடித் தொட்டியில் அடிமீன் வேண்டாம்.

மூன்றாவது கொக்கட்டூ அபிஸ்டோகிரம்மா. பெரு நாட்டு அமேசன் பகுதி மீன். ஆண் 8 சென்ரிமீற்றர், பெண் 5. ஓர் ஆணுக்கு ஒரு பெண், இடம் நன்றாக மறைவாக இருந்தால் இரண்டு பெண். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக்குகை கட்டாயம். முட்டை காக்கும் பெண் மஞ்சளும் கறுப்புமாக மாறி, தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டும். அப்போது ஆண் ஒதுங்க இடமில்லை என்றால் செட்டை கிழிந்து போகும். இந்த இனத்தில் வெப்பநிலை குஞ்சின் பாலையே தீர்மானிக்கும். 23 பாகை அளவில் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், 29 பாகை அளவில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகள் கிடைக்கும். மலையகத்தில் சோடி சேர்க்க ஆண் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். நடுவில் 26 பாகையில் வைத்தால் இரண்டும் வரும்.

நீல ராம், ஜேர்மன் ராம் என்று சொல்லப்படும் மீனைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஐந்தாறு சென்ரிமீற்றர்தான், மென்னீரை விரும்பும், தொட்டி அளவுக்கும் பொருந்தும். எல்லாம் சரி, ஆனால் அதற்கு 27 முதல் 30 பாகை வேண்டும். கண்டி, மாத்தளை, கம்பளை, நாவலப்பிட்டி, பதுளைக்காரர்கள் வளர்க்கலாம். 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளையில் மின்கட்டணம் தாங்காது. நுவரெலியாவில் தை மாத இரவில் அறைக்கும் தொட்டிக்கும் 16 பாகை வித்தியாசம் வரும், அங்கே இந்த மீன் வேண்டவே வேண்டாம். எங்கு வளர்த்தாலும் உடலைக் குட்டையாக்கிய பலூன் ராமைத் தவிர்த்துவிடுங்கள். முதுகெலும்பு வளைந்த பிறவி அது, நீந்தவே சிரமப்படும்.

வெப்பத்துக்கு வருவோம். ஹீட்டர் இல்லாமல் வளர்க்கக்கூடிய சிக்லிட் எது என்ற கேள்விதான் எப்போதும் வருகிறது. கண்டி மட்டத்தில் பொலிவியன் ராம் பெரும்பாலான மாதங்கள் சமாளிக்கும். ஹட்டனுக்கு மேலே நாங்கள் சிபாரிசு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே ஹீட்டர் வாங்க முடியாதவர்கள் சிக்லிட்டை விட்டு வைட் கிளவுட் போன்ற குளிர்நீர்ச் சிறு மீனுக்குப் போவதே நேர்மையான வழி. 17 பாகையில் கிரிப் உயிரோடு இருக்கலாம். ஆனால் சாப்பிட்டது செரிக்காது, நோயை எதிர்க்கும் சக்தி போய்விடும், வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் நிற்காது.

50 லீற்றர் தொட்டிக்குக் கண்டியில் 50 வோட் போதும். ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியாவில் 100 வோட் தேவை. அந்த 100 வோட்டை ஒரே ஹீட்டராக வாங்காமல் 50 வோட்டில் இரண்டாக வாங்கி, இரண்டு மூலையிலும் வைத்து, இரண்டையும் 24 பாகைக்குத் திருப்பி விடுங்கள். ஹீட்டர் கெடும் விதம் இரண்டு. அணையாமல் நின்றுவிடும், அல்லது எரியாமல் நின்றுவிடும். 100 வோட் ஹீட்டர் அணையாமல் நின்றால் சிறு தொட்டி வெந்துவிடும். 50 வோட் ஒன்று அப்படி நின்றால் இந்தக் குளிரில் தண்ணீர் ஆபத்தான சூட்டுக்கு ஏற நேரமெடுக்கும், வெப்பமானியைப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். ஒன்று எரியாமல் போனாலும் மற்றது பாதியாவது தாங்கும். தண்ணீர் மாற்றும் முன் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டு கால் மணித்தியாலம் பொறுங்கள். சூடாக நிற்கும் ஹீட்டர் கண்ணாடி காற்றுப் பட்டாலோ குளிர் நீர் பட்டாலோ வெடிக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வடியும் நீர் பிளக்குக்குள் போகாது.

மின்சாரச் செலவு உண்மையான கவலை. தொட்டிக்கும் அறைக்கும் 10 பாகை வித்தியாசம் இருந்தால், வெறும் கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 50 வோட்டைத் தொடர்ந்து இழக்கும். நாளைக்கு 1.2 அலகு, மாதம் 36 அலகு. அலகு கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறுவதால் அந்த 36 அலகு பில்லை நன்றாகவே தூக்கிவிடும். தீர்வு மலிவானது. பின்பக்கம், இரு பக்கவாட்டு, அடி ஆகியவற்றுக்கு ஓரங்குல ரெஜிபோம் வெட்டி வெளியே ஒட்டுங்கள். மேலே கண்ணாடி மூடி போடுங்கள், காற்றுக் குழாய்க்கு மட்டும் இடைவெளி. திறந்த தொட்டியில் ஆவியாகும் நீரோடு வெப்பமும் போவதால் மூடிதான் முதல் சேமிப்பு. இந்த இரண்டையும் செய்தால் செலவு பாதியளவுக்குக் குறையும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும்போதும் இதுவே காப்பாற்றும். அந்நேரம் முன்கண்ணாடியையும் கம்பளியால் மூடி, சுடுநீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை மிதக்க விடலாம். தீனி போடக்கூடாது.

தண்ணீர் மென்மையாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. மீன் கழிவை மாற்றும் நல்ல பக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகும். அதை ஈடுகட்டும் காரத்தன்மை எங்கள் நீரில் சொற்பம். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றாவிட்டால் பிஎச் மெல்ல 6க்குக் கீழே போகும், அங்கே பக்டீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும், அமோனியா சேரும். அமில நீரில் அந்த அமோனியா பெரும்பாலும் நஞ்சில்லாத வடிவில் இருப்பதால் மீன் தாக்குப் பிடிக்கும். ஒருநாள் வீட்டார் "தொட்டி அழுக்கு" என்று முக்கால்வாசித் தண்ணீரை மாற்றுவார்கள். பிஎச் சட்டென்று ஏறும், சேர்ந்திருந்த அமோனியா நஞ்சாகும், மறுநாள் காலை எல்லா மீனும் மிதக்கும். "சுத்தம் செய்ததும் செத்துவிட்டது" என்று சொல்லும் வீடுகள் பலவற்றில் நடந்தது இதுதான். ஆகவே வாரம் 10 முதல் 12 லீற்றர், தவறாமல். ஒரு கைப்பிடி கழுவிய கடற்சிப்பியைத் துணிப் பையில் கட்டி பில்டர் அருகே வைத்தால் அமிலம் கூடும்போது மட்டும் அது கரைந்து ஈடுகட்டும். அவசரத்துக்கு 50 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போதும், அது காரத்தன்மையை அதற்கான அளவுகோலில் ஏறக்குறைய ஒரு பாகை உயர்த்தும். அதற்கு மேல் ஒரே நாளில் போடக்கூடாது.

இதற்கு நேர்மாறான தவறு, வெள்ளைச் சல்லியும் மாபிள் துண்டும் தொட்டி முழுக்கப் பரப்புவது. கண்டி, மாத்தளைப் பக்கம் பளிங்குச் சுண்ணக்கல்லும் டொலமைட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன, தேயிலை மண்ணுக்குப் போடும் டொலமைட்டும் அதே கல்தான். அது தரையாக இருந்தால் மென்னீர் வன்னீராகிவிடும், அபிஸ்டோகிரம்மா முட்டை பொரிக்காது. கல்லின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சுண்ணக்கல் உடனே நுரைக்கும். டொலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும், சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் விட்டால்தான் தெரியும். நுரைக்காத ஆற்று மணலே சிறந்தது. இரண்டடித் தொட்டிக்கு 7 கிலோ எடுத்தால் இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பில் பரவும். கலங்கல் போகும்வரை அலசிப் போடுங்கள். கிரிப்பும் ராமும் மணலை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும் மீன்கள், கூரான சல்லி அவற்றின் வாயைக் கிழிக்கும்.

குகைக்குச் சிரட்டையைவிட நல்லது கிடையாது. நார் சுரண்டி, அரை மணித்தியாலம் அவித்து, விளிம்பில் மூன்று நாலு சென்ரிமீற்றர் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு சோடிக்கு இரண்டு குகையாவது இருக்க வேண்டும், வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. நடுவே ஒரு கல்லும் இலை அடர்ந்த செடியும் வைத்துப் பார்வையை மறைத்தால் பாதிச் சண்டை குறையும். பிடுங்கிப்போட்ட தேயிலை அடிக்கட்டை அழகாக இருக்கிறது என்று பலர் தொட்டியில் வைக்கிறார்கள். பல வருடம் மருந்து குடித்த கட்டை அது, வேண்டாம். காய்ந்த கொய்யா இலை நாலைந்து போட்டால் தண்ணீர் தேநீர் நிறம் கொள்ளும், இந்த மீன்களுக்கு அது பிடிக்கும்.

சோடிக்குத் துணையாக நடுமட்டத்தில் நீந்தும் சிறு மீன் ஆறு அல்லது ஏழு விடலாம். தலைக்குமேல் சிறு மீன் அமைதியாகத் திரிவதைக் கண்டால்தான் குட்டை சிக்லிட் ஆபத்தில்லை என்று நம்பி வெளியே வரும். இலங்கைக்கே உரிய செர்ரி பார்ப் இதற்குப் பொருத்தம். மென்னீர் மீன், 24 பாகை அதற்கும் சரி. பண்ணையில் வளர்த்தது என்று கேட்டு உறுதிசெய்து வாங்குங்கள், ஓடையில் பிடித்தது வேண்டாம்.

மீன் வாங்கும் முன் தொட்டி தயாராக இருக்க வேண்டும். கழிவை மாற்றும் அந்த நல்ல பக்டீரியா வளர, ஸ்பொஞ்ச் பில்டரும் காற்று மோட்டரும் ஓடவிட்டு 24 பாகையில் நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும், குளிர்ந்தால் இன்னும் கூட. யாராவது நோயில்லாத தொட்டியிலிருந்து பழைய ஸ்பொஞ்ச் தந்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஸ்பொஞ்சைக் குழாயின்கீழ் பிடித்துக் கழுவினால் குளோரினில் பக்டீரியா போய்விடும், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிய வேண்டும். கொழும்பு அல்லது கண்டியிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவருவோர் பையை ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். வீட்டில் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அரைக் கோப்பை தொட்டி நீர் சேர்த்து ஒரு மணித்தியாலம் எடுத்துக்கொள்ளுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வெள்ளைப் புள்ளி கண்டால் மணிக்கு ஒரு பாகையாக 28 அல்லது 29 வரை உயர்த்தி, காற்றைக் கூட்டி, லீற்றருக்கு ஒரு கிராம் கறியுப்பு, அயடீன் சேராதது, கரைத்துச் சேர்க்கலாம். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருங்கள்.

வாராந்த தண்ணீர் மாற்றத்தில் மலையகத்துக்கென்று மூன்று விடயம் இருக்கிறது. ஒன்று சூடு. 17 பாகையில் உள்ள 9 லீற்றர் நீருக்கு ஒரு லீற்றர் கொதிநீர் கலந்தால் 25 பாகை அளவில் வரும், வெப்பமானியால் பார்த்த பிறகே ஊற்றுங்கள். இரண்டு காற்று. குளிர் நீரில் கரைந்திருக்கும் காற்று தொட்டிச் சூட்டில் குமிழாகப் பிரியும், அது மீனின் செட்டையிலும் கண்ணிலும் ஏறும். முதல்நாள் இரவே வாளியில் பிடித்துக் காற்று மோட்டர் ஓடவிட்டால் அதுவும் போகும், நீர் வழங்கல் சபைக் குழாய் நீரென்றால் குளோரினும் குறையும். மூன்றாவது மருந்து, மிக முக்கியம். மழை மாதங்களில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து தெளிக்கிறார்கள். செப்பு மீனுக்கு நஞ்சு, மென்னீரில் அந்த நஞ்சு பன்மடங்கு. பீலி நீரையும் ஓடை நீரையும் பாவிக்கும் லய வீடுகள், மருந்தடித்த பின் பெய்யும் முதல் மழைகளின்போது தண்ணீர் மாற்றக்கூடாது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவ மழைக்கும், ஊவாப் பக்கம் ஐப்பசிக்குப் பிந்திய மழைக்கும் முன்பே 20 லீற்றர் கலன் இரண்டில் நல்ல நீர் பிடித்து மூடி வையுங்கள். நுவரெலியாவில் மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே உள்ள ஓடை நீரை எந்த மாதத்திலும் எடுக்காதீர்கள்.

தீனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறு உருண்டைத் தீனி, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு இரண்டு தடவை, வாரத்தில் ஒருநாள் பட்டினி. நுளம்புக் குடம்பி அருமையான உணவுதான், ஆனால் டெங்குக் காலத்தில் அதை வீட்டில் வாளி வைத்து வளர்க்க வேண்டாம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தொட்டியின் முன்னும் மூன்று தகவலை ஒரு சிறு அட்டையில் எழுதி ஒட்டுங்கள். மீன் முழுதாக வளர்ந்தால் எத்தனை சென்ரிமீற்றர், எத்தனை பாகை வேண்டும், குறைந்தது எத்தனை அடித் தொட்டி. ஒஸ்கார் குஞ்சின் முன்னால் "30 சென்ரிமீற்றர், நாலடித் தொட்டி" என்று இருந்தால் இரண்டடித் தொட்டிக்காரர் தாமாகவே கிரிப்பைக் கேட்பார். பெருத்துப்போன மீனைத் திருப்பி எடுப்பதையும் ஒரு சேவையாகச் செய்யுங்கள். அந்த வசதி இல்லாததால்தான் காசல்ரீ, மவுசாக்கலை, கிரகரி வாவி என்று இரவில் கொண்டுபோய் விடுகிறார்கள். அது மீனுக்குச் செய்யும் தயவு என்றே நினைக்கிறார்கள். மேல்நாட்டுக் குளிரில் அந்த மீன் சில நாளில் வதைபட்டு இறக்கலாம். அல்லது கொன்விக்ட்டைப்போல் தாங்கும் இனமென்றால், கண்டி மட்டத்து வெதுவெதுப்பான தேக்கங்களில் பெருகி, மகாவலியில் மட்டும் மிஞ்சியிருக்கும் எங்கள் சொந்த மீன்களின் முட்டையைத் தின்னும். வளர்க்க முடியாத சிக்லிட்டைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள், ஆற்றில் விடாதீர்கள்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
ஹட்டன்.